தாழ்வாரத்தில் பாலைவன ரோஜா: சிங்கப்பூர் வீடுகளில் பூக்கும் சதைப்பற்றுச் செடிகள்

இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுச் செடி சிங்கப்பூரில் காய்ந்து சாவது அபூர்வம். பெரும்பாலும் அழுகித்தான் சாகும். ஆண்டுக்கு 2,100 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இரவு வெப்பம் சராசரியாக 25 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. "வறட்சி தாங்கும்" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறோம். அது தாங்கப் பழகியது வறட்சியை. நம் ஊரில் அது தாங்க வேண்டியதோ ஈரத்தை.

அதனால் இங்கே வேலை இரண்டுதான். ஒருமுறை நீர் ஊற்றினால் அடுத்த முறைக்குள் வேர் நன்றாகக் காய வேண்டும். பூ வைக்கும் அளவுக்கு நேர்வெயில் கிடைக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்திலேயே ஆண்டு முழுவதும் பூப் பார்க்கலாம்.

எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கடையில் கண்ணைப் பறிப்பது எச்செவேரியாதான். ரோஜா மொட்டைப் போல இலைகளை அடுக்கி வைத்திருக்கும். அதை வாங்க வேண்டாம். அது மெக்ஸிகோவின் மலைநாட்டுச் செடி. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடி வைத்துக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். இரவு குளிர்ந்தால்தான் அந்த வேலை சீராக நடக்கும். நம் இரவில் அது சேமித்த சத்தையெல்லாம் மூச்சு விட்டே தீர்த்துவிடும். முதலில் தண்டு நீளும், பிறகு அடியிலைகள் கண்ணாடி போல ஆகி உதிரும், கடைசியில் நடுக்குருத்து கறுக்கும். ஐஸ் பிளாண்ட் வகைகளும் கூழாங்கல் போன்ற லித்தாப்ஸும் இதே கதிதான். கரையோரப் பூந்தோட்டங்களின் ஃபிளவர் டோமில் இத்தகைய செடிகள் நன்றாக இருக்கின்றனவே என்று தோன்றலாம். அந்தக் கூடத்தின் வெப்பம் 23 முதல் 25 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது, காற்றும் உலர்ந்தது. வீட்டில் அதற்கு ஈடு செய்ய முடியாது.

நம் வெப்பத்தை விரும்பி வாழ்ந்து, நன்றாகவும் பூப்பவை மூன்று: அடீனியம் எனப்படும் பாலைவன ரோஜா, யூபோர்பியா மிலி எனப்படும் முட்கிரீடச் செடி, டேபிள் ரோஸ் என்றும் சொல்லப்படும் பத்துமணிப் பூ. நான்காவதாகக் கலன்சோவைச் சேர்க்கலாம், ஆனால் அதற்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். பாம்புச் செடியும் நன்கு முதிர்ந்தபின் ஒரு தண்டு விட்டு இரவில் மணக்கும் வெண்ணிறப் பூக்களைத் தரும். அதைப் பூவுக்காக வளர்க்க வேண்டாம், வந்தால் மகிழ்ச்சி.

வாங்கும்போது செடியை அல்ல, அடிப்பாகத்தைப் பாருங்கள். சுங்கை தெங்கா வட்டார நாற்றுப் பண்ணையோ அக்கம்பக்கத்துக் கடையோ, எங்கே வாங்கினாலும் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் போல இருந்தால் எடுங்கள். மெத்தென்று இருந்தால், மேலே எத்தனை பூ இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

வெயில் எந்தப் பக்கம்

மண்ணைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், வெயிலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. இலை மட்டும் செழித்து, பூவே வைக்காத செடிகளுக்குப் பெரும்பாலும் காரணம் வெயில் போதாமைதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, 1.3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் உச்சிச் சூரியன் தலைக்கு மேல் வந்து, பிறகு செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே தெற்கு பார்த்த தாழ்வாரத்துக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நேர்வெயில் ஏறக்குறைய இல்லை. வடக்கு பார்த்ததற்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இல்லை. "போன மாதம்வரை பூத்தது, இப்போது பூக்கவில்லை" என்ற புகாருக்கு இதுவே விடையாக இருக்கும். கிழக்கும் மேற்கும் பார்த்த வீடுகளில் ஆண்டு முழுவதும் பாதி நாள் வெயில் கிடைக்கும். எதிர்ப் புளோக்கு மறைக்காவிட்டால் இந்தச் செடிகளுக்குக் கிழக்குப் பக்கம்தான் மிக நல்லது. மேற்கு வெயிலும் பூவைத் தரும், ஆனால் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வேர் வெந்துவிடும். அங்கே வெளிர் நிறத் தொட்டியோ மண் தொட்டியோ வையுங்கள்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். மேகமில்லாத ஒரு நாளில், தொட்டி வைக்கப்போகும் இடத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு கூர்மையாக விழும் நேரத்தை மட்டும் கணக்கிடுங்கள். யூபோர்பியாவுக்கு 4 மணி நேரம், அடீனியத்துக்கு 5, பத்துமணிப் பூவுக்கு 6 வேண்டும். தரையில் அளந்தால் ஒரு கணக்கு வரும், இடுப்புயரத்தில் அளந்தால் வேறு கணக்கு வரும். கைப்பிடிச் சுவர் தன் நிழலைத் தரையில்தான் போடுகிறது. அதனால் பலகை அடுக்கின்மேல் தொட்டியை உயர்த்துவது நல்லது. ஆனால் தொட்டியின் விளிம்பு சுவரின் மேல்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும், அடுக்கு ஆடாமல் கட்டப்பட்டிருக்கட்டும், சிறு பிள்ளைகள் ஏறும்படி அமைந்துவிடக் கூடாது. சுவர்மேல் தொட்டி வைப்பது ஒருபோதும் கூடாது. கீழே ஆள் நடக்கிறார்கள். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டே தொட்டிகளை வரிசையாக வையுங்கள்.

கூரையடியில் வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே முழுவெயிலில் வைத்தால் இலையும் தண்டும் வெளிறி வெந்துபோகும். முதல் 3 நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்குச் சிறிது கூட்டி, 10 நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

மண் என்று சொன்னாலும் கல்தான்

"கேக்டஸ் மண்" என்று பையில் விற்பதில் பெரும்பகுதி கரி நிறத்துப் பீட்தான், அதாவது சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி. குளிர்நாட்டில் அது சரி. இங்கே மழைக்காலத்தில் பத்து நாளானாலும் காயாது. கையால் கலப்பதே மேல். அடீனியத்துக்கும் யூபோர்பியாவுக்கும் 10 லிட்டர் கலவைக்கு அளவு இது:

பியூமிஸ் கல் (எரிமலை நுரைக்கல்), 3 முதல் 6 மி.மீ. அளவு: 4 லிட்டர்
சுட்ட மண் உடைசல்: 2 லிட்டர்
தேங்காய் மட்டைச் சிறு துண்டு: 2 லிட்டர்
பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்லின் வெள்ளைத் துகள்): 1 லிட்டர்
நன்கு மட்கிய உரம்: 1 லிட்டர்

பியூமிஸையும் சுட்ட மண்ணையும் மாவு சலிக்கும் சல்லடையைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். இந்தத் தூள்தான் பின்னால் எமன். ஓரிரு மாதத்தில் அடியில் இறங்கி, சிமெண்டு போல இறுகி, வடிகால் துளையை அடைத்துவிடும். மட்டைத் துண்டை ஓரிரவு ஊறவைத்து, அந்தப் பழுப்பு நீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசிய பிறகு சேருங்கள், உப்பு போகும். தேங்காய் நார்த் தூள் வேறு பொருள். அது பஞ்சு போல நீரைப் பிடித்துக்கொள்ளும், இதில் சேர்க்க வேண்டாம்.

கலவை சரியா என்று பார்க்க, 15 செ.மீ. தொட்டியில் நிரப்பி அரை லிட்டர் நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே அடியில் ஒழுக வேண்டும். பத்து எண்ணுவதற்குள் ஓட்டம் நின்று சொட்டாக மாறினால் நன்று. நீர் மேலே நின்றால் இன்னும் கல் சேருங்கள்.

பத்துமணிக்கும் கலன்சோவுக்கும் இவ்வளவு கல் வேண்டாம். மேற்சொன்னதில் பியூமிஸை 2 லிட்டராகக் குறைத்து உரத்தை 3 லிட்டராக்குங்கள்.

தொட்டியின் அடியில் சரளைக் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பலகால நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர் அதற்குக் கீழேயுள்ள பெரிய கல் இடுக்குக்குள் எளிதில் இறங்காது. மண் முழுவதும் நனைந்து கனத்த பிறகே சொட்டும். அந்த ஈரப்பட்டை சரளைக்கு மேலேயே, வேருக்கு இன்னும் நெருக்கமாக நிற்கும். துளைமேல் ஒரு துண்டு வலை போதும். மேலிருந்து அடிவரை ஒரே கலவையாக நிரப்புங்கள்.

தொட்டி சிறியதாக இருக்கட்டும். அடீனியத்துக்கு அதன் பருத்த அடியைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. கூடுதல் அகலம் போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் எப்போதும் ஈரமாகவே கிடக்கும்.

அடித்தட்டு வைக்காமல் இருப்பதே நல்லது. தரை நனையுமே என்றால் நீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து கொசுவாகிப் பறந்துவிடும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. தட்டை மட்டும் பார்த்தால் போதாது. இறுகிப்போன மேல்மண்ணில் தேங்கும் நீரிலும் புழு வரும். வாரம் ஒருமுறை மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள்.

எப்போது நீர்

"வாரம் ஒருமுறை" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஜனவரி மழையில் வாரம் ஒருமுறை அதிகம், பிப்ரவரி இறுதி வெயிலில் போதாது. சாத்தே இறைச்சி சுடும் மூங்கில் குச்சி ஒன்று போதும். கழுவிக் காயவைத்த குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, 10 நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியில் நிறம் இருண்டிருந்தாலோ மண் துகள் ஒட்டியிருந்தாலோ இன்று வேண்டாம். உலர்ந்து வெளுத்திருந்தால், காலையில், அடியில் ஒழுகும்வரை தாராளமாக ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கெடுதல். மேல்மண் நனைந்து அடிவேர் காயும், செடி மேலேயே வேர்விட்டு நலியும்.

அடீனியத்துக்குக் குச்சியைவிட நம்பகமான அடையாளம் ஒன்று அதன் உடலிலேயே இருக்கிறது. பருத்த அடியை இரு விரலால் பிடித்து அழுத்துங்கள். முற்றாத மாங்காய் போலக் கெட்டியாக இருந்தால் தாகமில்லை. மண் காய்ந்திருந்து, அடி சற்று அமுங்கினால் தாகம். நீர் ஊற்றிய ஓரிரு நாளில் மறுபடி இறுகும். மண் ஈரமாக இருக்கும்போதே அடி அமுங்கினால் அது அழுகல். இந்த இரண்டு மெதுமையையும் பிரித்தறியாமல், அழுகும் செடிக்குத் தாகம் என்றெண்ணி நீர் ஊற்றுவதில்தான் பெரும்பாலான அடீனியங்கள் போகின்றன.

மழையில் நனையும் இடமாக இருந்தால் நவம்பர் முதல் ஜனவரி வரை தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். தரைவீட்டுத் தோட்டத்தில் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டை, பக்கங்கள் திறந்திருக்கும்படி, சாய்வாகப் போட்டால் போதும். தாழ்வாரத்தில் கூரை இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று மழையைக் கிடையாகக் கொண்டுவந்து வீசும், உயரமான செடியைச் சாய்த்தும் விடும்.

அடீனியம்

கிழக்கு ஆப்பிரிக்காவும் அரபுத் தீபகற்பத்தின் தென்பகுதியும் இதன் தாயகம். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரளியைப் போலவே பாலும் விதையும் இலையும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ இதன் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். பூனையும் சிறு குழந்தையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

குளிர் வரும் நாடுகளில் இது இலையுதிர்த்து உறங்கும். இங்கே உறக்கம் கிடையாது, ஆண்டு முழுவதும் வளரும். ஆகவே ஆண்டு முழுவதும் உணவும் வேண்டும். 14-14-14 என்ற (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள) மெதுவாகக் கரையும் குருணை உரம் 20 செ.மீ. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி. பையில் "6 மாதம்" என்று இருந்தாலும் அந்தக் கணக்கு 21 டிகிரி வெப்பத்துக்கானது. நம் வெப்பத்தில் வேகமாகக் கரையும், 3 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரத்தைத் தவிர்த்துவிடுங்கள், இலை மட்டும் தழைக்கும்.

பூ வருவது புதுக் கிளையின் நுனியில். பழைய கிளை நீண்டுகொண்டே போனால் நுனிகள் பெருகா, பூவும் பெருகாது. அதனால் கவாத்து செய்வது கட்டாயம். வெட்டியதிலிருந்து மறுபடி பூக்க 10 முதல் 12 வாரம் ஆகும். தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் அந்தக் கணக்கில் பின்னோக்கி எண்ணி, ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ வெட்டுங்கள். மழையில்லாத இரண்டு மூன்று நாள் கிடைக்கும் நேரம் பாருங்கள். ஒவ்வொரு கிளையிலும் 8 முதல் 10 செ.மீ. விட்டு, ஓர் இலைத்தழும்புக்கு 1 செ.மீ. மேலே, ஸ்பிரிட்டில் துடைத்த கூரிய கத்தியால் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் கத்தியை மறுபடி துடையுங்கள். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெட்டு வாயில் வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை மெல்லியதாகத் தடவுங்கள். தாய்லாந்து வளர்ப்போர் செய்வது இது. தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் சிறு டப்பாவில் கிடைக்கும். மூன்று நாள் வெட்டில் நீர் படக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு கிளைக்கு இரண்டு மூன்று துளிர் வெடிக்கும்.

அடுக்கு இதழுள்ளவை, கருஞ்சிவப்பானவை பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். ஒட்டுக்கட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். அது அடிச்செடியின் துளிர், விட்டால் முரட்டுத்தனமாக வளர்ந்து மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும். "சிவப்பு வாங்கினேன், இளஞ்சிவப்பாகப் பூக்கிறது" என்பதன் காரணம் அதுதான்.

வெட்டிய கிளையை நட்டாலும் பிழைக்கும், பூக்கும், ஆனால் அந்த அழகிய பருத்த அடி வராது. அடி வேண்டுமானால் விதைதான். காய்கள் ஆட்டுக்கொம்பு போல இரண்டிரண்டாக வரும். முற்றும்போது நூலால் சுற்றிக் கட்டுங்கள், இல்லையேல் வெடித்து விதைகள் இறகோடு பறந்துவிடும். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

தொட்டி மாற்றுவதற்குப் பிப்ரவரி நல்ல மாதம், மழை குறைந்திருக்கும். ஒரு வாரம் நீர் நிறுத்தி, செடியை உருவி, பழைய மண்ணை உதறி, கறுத்த வேரை வெட்டி, 5 முதல் 7 நாள் நிழலில் காற்றாட வைத்திருங்கள். வெறும் வேரோடு அத்தனை நாளா என்று மனம் பதைக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது, காயம் ஆறாமல் நட்டால்தான் ஆகும். புது மண்ணில் நடும்போது பருத்த அடியை முன்பிருந்ததைவிட 2 செ.மீ. உயர்த்தி வையுங்கள். நட்டு ஒரு வாரம் கழித்து முதல் நீர்.

யூபோர்பியா மிலி

மடகாஸ்கர் தீவுச் செடி. நம் அண்டை நாடான தாய்லாந்தில் பெரிய பூ வகைகளை உருவாக்கி "போய் சியான்" என்று அழைக்கிறார்கள், எட்டுச் சித்தர்களைக் குறிக்கும் சீனச் சொல் அது. நாம் பூ என்று பார்ப்பது நிறமுள்ள இரண்டு செதிலிலை. அசல் பூ நடுவில் மிளகளவே இருக்கும். அதனால்தான் ஒரு கொத்து வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்க்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடீனியத்தைவிடப் பொறுமைசாலி, வெயில் ஓரிரு மணி நேரம் குறைந்தாலும் பூக்கும். நீர் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். அதிகமானாலும் குறைந்தாலும் கீழிலைகள் மஞ்சளாகி உதிரும், எது என்று குச்சியைச் செருகிப் பாருங்கள். பூமேல் நீர் தெளிக்காதீர்கள், செதில்களில் பழுப்புப் புள்ளி விழும்.

புதுச் செடி உண்டாக்க 10 செ.மீ. தண்டை வெட்டியதும் வெட்டுப் பக்கத்தை நீரில் முக்கினால் பால் நின்றுவிடும். 5 நாள் காயவைத்து, 3 செ.மீ. ஆழம் நட்டு, மண் லேசாக ஈரமாக இருக்கும்படி வைத்தால் 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். இதன் பால் தோலில் எரியும், கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவரைப் பாருங்கள்.

பத்துமணி

பருப்புக்கீரையின் உறவு, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். மறுநாள் புதியது. நேர்வெயில் பட்டால்தான் இதழ் விரியும், மேகமூட்டமான நாளில் மூடியே இருக்கும், செடியின் குற்றமல்ல. தமிழ்நாட்டில் பத்து மணிக்குப் பூப்பது இங்கே ஏறக்குறைய பதினொன்றுக்குப் பூப்பதையும் கவனித்திருப்பீர்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, உச்சிப்பொழுதே ஒரு மணியையொட்டித்தான் வருகிறது. பூவுக்குக் கடிகாரம் தெரியாது.

18 செ.மீ. அகலமுள்ள ஆழமற்ற தொட்டியில், 6 செ.மீ. நீளத் துண்டுகள் 8 அல்லது 10, கீழிலைகளைக் கிள்ளிவிட்டுச் செருகுங்கள். காயவைக்க வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் வேர்விடும். நுனிகளை இரண்டு முறை கிள்ளினால் தொட்டி நிரம்பும். மூன்று நான்கு மாதத்தில் தண்டு நீண்டு, அடி மொட்டையாகி, பூ சிறுக்கும். அப்போது பழைய செடியைக் காப்பாற்ற முயலாமல், நுனிகளை வெட்டிப் புதுத் தொட்டி போட்டுவிடுங்கள்.

கலன்சோ ஏன் இரண்டாம் முறை பூப்பதில்லை

நம் வீட்டு ரணகள்ளிக்கு உறவு. சீனப் புத்தாண்டுக்கு வாங்கி வந்து, பூ முடிந்ததும் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். உரம் மாற்றிப் பயனில்லை. இதற்கு நாள்தோறும் 14 மணி நேரம் தொடர்ந்து இருட்டு வேண்டும், அதுவும் 6 வாரத்துக்கு. நம் இரவு 12 மணி நேரமே, அதிலும் தாழ்வார விளக்கு விடியும்வரை எரிகிறது. சிறு வெளிச்சமும் அதன் கணக்கைக் கலைத்துவிடும். மாலை 6 மணிக்கு ஒளி புகாத அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை 8 மணிக்கு எடுத்துவிடுங்கள். ஒரு நாளும் தவறக் கூடாது. மொட்டு தெரிந்ததும் பெட்டி வேண்டாம். தொடங்கியதிலிருந்து பூக்க மூன்று மாதம் பிடிக்கும். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் அதைப் பூங்கொத்தாகக் கருதி அனுபவித்துவிட்டு விட்டுவிடலாம், தவறில்லை.

பூச்சிகள்

மழை படாத தாழ்வாரத்தில் முதல் எதிரி சிலந்திப்பேன். இலையின் மேல் ஊசியால் குத்தியது போல வெளிர்புள்ளி, அடியில் மெல்லிய வலை. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும். இலையின் அடிப்புறத்தை வேகமான நீரால் அடியுங்கள், 4 நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. முட்டைகள் பொரிந்துகொண்டே இருப்பதால் ஒருமுறை செய்து நிறுத்தினால் பயனில்லை.

மாவுப்பூச்சியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டெடுங்கள். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள், அவைதான் இவற்றைச் செடிக்குச் செடி தூக்கிச் செல்லும். பரவலாக இருந்தால் ஒரு லிட்டர் நீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., பாத்திரம் துலக்கும் சோப்பு சில சொட்டு கலந்து, வெயில் இறங்கியபின் தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை கருகும்.

அடீனியத்தின் இலைகள் ஒரே இரவில் காணாமல் போய், தரையில் மிளகு போன்ற எச்சம் கிடந்தால் அரளிப் பருந்தந்துப்பூச்சியின் புழு. விரல் தடிமன், பச்சை நிறம், முன்னுடலில் நீலக் கண் போல இரண்டு பொட்டு. கையால் எடுத்தாலே போதும், மருந்து வேண்டாம். இலை மறுபடி வரும்.

அழுகலைக் கண்டால்

காத்திருந்து பார்க்கும் நோயல்ல இது. அன்றே செடியை உருவுங்கள். மெத்தென்ற பகுதியைக் கத்தியால் சிறிது சிறிதாகச் சீவுங்கள். பழுப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை என்று நிறம் மாறும். வெட்டுப்பரப்பு முழுவதும் வெள்ளையாகி, எங்கும் ஒரு பழுப்புப் பொட்டுகூட இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடையுங்கள். பாதி அடி போய்விட்டாலும் பரவாயில்லை, மீந்தது பிழைக்கும். சுண்ணாம்பு தடவி, நிழலில், காற்றோட்டமாக, வெட்டு மேல்பார்க்கும்படி 10 நாள் வையுங்கள். வெட்டு தோல் போலக் காய்ந்து கெட்டியானதும், உரமே சேர்க்காத வெறும் பியூமிஸில் செடி சாயாத அளவுக்கு மட்டும் அமர்த்தி, குச்சி கொடுத்துக் கட்டுங்கள். புதுத் துளிர் கண்ணுக்குத் தெரியும்வரை கல்லின் ஓரத்தில் வாரம் ஒருமுறை அரைக் கோப்பை நீர் போதும். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.